மண்ணீரல் வீக்கமும் தட்டணுக் குறைவும் சேர்ந்து வந்தால்: கோஷே நோயைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

என் மகனுக்கு மூன்று வயதிலிருந்தே வயிறு முன்னால் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் பானை. அத்தை "மாந்தம்தான், ஓமத்தண்ணி குடு" என்றார். மருந்துக்கடையில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். டாக்டர் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து டானிக் எழுதினார். ஆறு வயதில் ஒருநாள் ராத்திரி மூக்கிலிருந்து ரத்தம் வந்து நிற்காமல் ஓடியபோதுதான், ஒரு டாக்டர் அவனைப் படுக்க வைத்து, சட்டையைத் தூக்கி, வயிற்றை முழுசாகத் தொட்டுப் பார்த்தார். மண்ணீரல் தொப்புள் வரைக்கும் இறங்கியிருந்தது.

அதற்கப்புறமும் நோயின் பெயர் தெரிய பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்தில் இரண்டு முறை எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள், மண்ணீரலையே எடுத்துவிடலாம் என்று ஆபரேஷனுக்குத் தேதி வரை குறித்தார்கள். கடைசியில் நோய் இன்னது என்று சொன்னது ஒரு சின்னக் குழாய் ரத்தம். கத்தியும் வேண்டாம், பெரிய ஊசியும் வேண்டாம், கையில் எடுக்கிற சாதாரண ரத்தம். அதை முதல் மாதமே எடுத்திருக்கலாம், கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் என்ன கேட்கலாம், எதை எடுத்துக்கொண்டு போகலாம், எதற்கு அவசரப்பட்டுத் தலையாட்டக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், இது என்ன நோய்

இந்த நோயை கோஷே என்று சொல்ல வேண்டும், பிரெஞ்சுப் பெயர். நம்மூரில் காச்சர் என்றும் சொல்வார்கள், ரிப்போர்ட்டில் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு டாக்டர் 1882-இல் மண்ணீரல் பெரிதாக வீங்கிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார், அது மண்ணீரலில் வந்த ஒருவகைப் புற்று என்றே நினைத்தார். உண்மையில் அது ஒரு என்சைம் குறைபாடு என்று 1960-களின் நடுவில்தான் அமெரிக்காவில் ரோஸ்கோ பிரேடியின் குழு கண்டுபிடித்தது. எண்பது வருடத்துக்கு மேல்! அதனால் உங்கள் ஊர் டாக்டர் முதல் பார்வையில் கண்டுபிடிக்கவில்லை என்று அவர்மேல் கோபப்படாதீர்கள். பொதுவாக 40,000 முதல் 60,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்குத்தான் இது வரும். ஒரு குழந்தை மருத்துவர் தன் வாழ்நாள் முழுக்க ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம்.

உடம்பில் நடப்பது இதுதான். பழைய ரத்த அணுக்கள் சாகும்போது அவற்றைத் தின்று செரிக்கிற செல்கள் நமக்குள் இருக்கின்றன, மண்ணீரலில் அவை அதிகம். ரத்த அணுவின் தோலில் இருக்கிற ஒரு கொழுப்பை இரண்டாக வெட்ட ஒரு என்சைம் தேவை, அதன் பெயர் பீட்டா குளுக்கோசிடேஸ், இன்னொரு பெயர் குளுக்கோசெரிப்ரோசிடேஸ். அது போதவில்லை என்றால் அந்தக் கொழுப்பு செரிக்காமல் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். தின்ற செல் ஊதும், அப்படி ஊதிய செல்கள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் கோடிக்கணக்கில் சேரும். வயிறு ஏன் பெரிதாகிறது, ரத்தம் ஏன் குறைகிறது, எலும்பு ஏன் வலிக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இந்த ஒரே விஷயத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் எனக்கு மூன்று வருட ரிப்போர்ட்டுகளும் ஒரே கதையாகத் தெரிந்தன.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

மண்ணீரல் பெரிதாகி, கூடவே பிளேட்லெட் என்கிற தட்டணுக்களும் குறைந்திருந்தால், அதற்குக் காரணம் வேறெதுவும் பிடிபடவில்லை என்றால், கோஷே நோயை நினைக்க வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால்கூடப் போதும். ஹீமோகுளோபினும் குறைந்திருக்கலாம், கல்லீரலும் வீங்கியிருக்கலாம், ஆனால் மண்ணீரலும் தட்டணுவும் சேர்ந்துதான் முதல் தடயம்.

வீட்டில் நாம் கவனிக்கக்கூடியவை என்று பார்த்தால், லேசாக இடித்தாலே நீலமாகக் கன்றிப்போவது, பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், மூக்கில் அடிக்கடி ரத்தம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளுவது (மண்ணீரல் இரைப்பையை அமுக்குவதால்), வகுப்பில் இருப்பவர்களைவிட உயரம் குறைவாக இருப்பது, மாடிப்படி ஏறினால் களைத்து உட்கார்வது. என் மகனுக்குப் பேன்ட் பொத்தான் போடவே முடியாது, எலாஸ்டிக் வைத்ததுதான் வாங்குவோம். அதைக்கூட நாங்கள் ஒரு அறிகுறியாக நினைக்கவில்லை.

எலும்பு வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமாகத் தவறவிடப்படுவது அதுதான். குழந்தை ராத்திரி தொடையைப் பிடித்துக்கொண்டு அழும், நாம் வளர்கிற வயசு வலி என்று தைலம் தேய்ப்போம். பாதிப் பேருக்கு அது வளர்ச்சி வலியாகவே இருக்கலாம். ஆனால் கோஷே நோயில் சில சமயம் திடீரென்று தாங்க முடியாத எலும்பு வலி வரும், கூடவே காய்ச்சல், அந்த இடம் வீங்கிச் சூடாக இருக்கும். இதைப் பார்த்தால் எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது என்றே யாருக்கும் தோன்றும், அப்படி நினைத்துக் கீறிவிட்டால் இல்லாத தொற்றும் வந்து சேரும். நாளடைவில் இடுப்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போகிற ஆபத்தும் உண்டு. நொண்டி நடக்கிற குழந்தையைத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். தொடை எலும்பின் முட்டிப் பக்கத்து முனை எக்ஸ்ரேயில் அடி அகன்ற குடுவை மாதிரி விரிந்து தெரியும், ரேடியாலஜி ரிப்போர்ட்டில் எர்லன்மேயர் குடுவை என்று எழுதியிருந்தால் அது இந்த நோயின் பக்கம் கை காட்டுகிற ஒரு வார்த்தை.

குழந்தைகளுக்கு மட்டும் வருவது என்றும் நினைக்காதீர்கள். இந்த நோயில் மூன்று வகை உண்டு, பின்னால் சொல்கிறேன். அதில் மூளையைத் தொடாத முதல் வகை முப்பது, நாற்பது வயதில்கூடக் கண்டுபிடிக்கப்படுகிறது. பிரசவத்தின்போதோ பல் பிடுங்கும்போதோ ரத்தம் நிற்காமல் போய், அப்புறம்தான் தெரியவந்த பெரியவர்கள் இருக்கிறார்கள்.

ஃபைலை ஒழுங்கு செய்யுங்கள்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் கட்டம் போட்டு, தேதி, ஹீமோகுளோபின், தட்டணு, வெள்ளணு, ஸ்கேனில் மண்ணீரல் எத்தனை சென்டிமீட்டர், உயரம், எடை என்று இதுவரை எடுத்த எல்லா ரிப்போர்ட்டிலிருந்தும் எழுதுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் "கொஞ்சம் குறைவு" என்றுதான் தெரியும், வரிசையாக எழுதினால்தான் இரண்டு வருடமாகத் தட்டணு இறங்கிக்கொண்டே வந்திருப்பதும் மண்ணீரல் ஏறிக்கொண்டே வந்திருப்பதும் கண்ணில் படும். நான் இதைச் செய்தது மிகவும் தாமதமாக. ஒரு ரத்தவியல் டாக்டர் அந்த ஒரு பக்கத்தைத்தான் முதலில் படித்தார், கட்டு ஃபைலைத் திறக்கவே இல்லை.

மண்ணீரல் அளவைப் பற்றி ஒரு கணக்கு. சாதாரணமாக மண்ணீரல் உடல் எடையில் 0.2 சதவீதம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது 15 கிலோ குழந்தைக்கு 30 கிராம், ஒரு எலுமிச்சம்பழம் மாதிரி. ஸ்கேனில் 450 கிராம் அளவுக்கு இருக்கிறது என்று வந்தால் பதினைந்து மடங்கு. "லேசான வீக்கம்" என்று யாராவது சொன்னால், எத்தனை மடங்கு என்று கேட்கலாம்.

இரண்டாவது பக்கத்தில் குடும்பம். நீங்களும் கணவரும் சொந்தமா, எந்த முறையில் சொந்தம், குடும்பத்தில் சின்ன வயதில் வயிறு வீங்கி இறந்த குழந்தைகள் உண்டா, யாருக்காவது மண்ணீரல் எடுத்திருக்கிறார்களா. பாட்டிகளிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும். கேட்டபோது அத்தை ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவருக்கு முன்னால் பிறந்த ஒரு அக்கா "வயித்துக் கட்டி" வந்து எட்டு வயதில் போய்விட்டதாகச் சொன்னார். அது இதே நோய்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மரபியல் டாக்டர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

சாதாரணக் காரணங்களைத் தாண்டிப் போக வேண்டும், குதித்துப் போகக் கூடாது

மண்ணீரல் வீங்க நூறு காரணம் உண்டு. மலேரியா, டைபாய்டு, காசநோய், தலசீமியா, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, ரத்தப் புற்று. இவை எல்லாம் கோஷேயைவிடப் பல மடங்கு அதிகமாக வருபவை, சிலவற்றுக்கு ஒருநாள்கூடக் காத்திருக்க முடியாது. அதனால் டாக்டர் ரத்த ஸ்மியர், ஹீமோகுளோபின் பிரிப்புப் பரிசோதனை, டாப்ளர் ஸ்கேன் என்று எழுதினால் மறுக்காமல் எடுங்கள். இவை எல்லாம் நார்மல் என்று வந்தபிறகு "எதற்கும் மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று வீட்டுக்கு அனுப்புகிற இடத்தில்தான் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள், நாமே நோயின் பெயரைச் சொன்னால் டாக்டர் தப்பாக நினைப்பாரோ என்று எனக்கும் பயம் இருந்தது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சார், மண்ணீரல் பெரிசா இருக்கு, பிளேட்லெட்டும் குறைஞ்சிட்டே வருது, மத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். லைசோசோமல் ஸ்டோரேஜ் நோய் ஏதாவது இருக்குமான்னு என்சைம் டெஸ்ட் ஒண்ணு எழுதித் தர முடியுமா? பீட்டா குளுக்கோசிடேஸ்னு படிச்சேன்." லைசோசோமல் ஸ்டோரேஜ் நோய் என்பது, இப்படி ஏதோ ஒரு என்சைம் குறைந்து செல்லுக்குள் செரிக்காத பொருள் சேருகிற நோய்களுக்குப் பொதுப் பெயர். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் ரத்தவியல் டாக்டருக்கோ மரபியல் டாக்டருக்கோ சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

எலும்பு மஜ்ஜை எடுப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரத்தப் புற்று சந்தேகம் இருந்தால் அது எடுத்தே ஆக வேண்டும், அதில் தயக்கம் வேண்டாம். மஜ்ஜையில் கசக்கிய மெல்லிய காகிதம் மாதிரி ஒரு செல் தெரிந்தால் அதை கோஷே செல் என்பார்கள். ஆனால் அதே மாதிரித் தோற்றமுள்ள செல்கள் சிலவகை ரத்தப் புற்றிலும் காசநோயிலும்கூட வரும், அதேபோல் எடுத்த துளியில் அந்தச் செல் சிக்காமலும் போகலாம். எங்கள் முதல் மஜ்ஜை ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, இரண்டாவதில் "ஸ்டோரேஜ் செல்கள் இருக்கலாம்" என்று ஒரு வரி. கோஷேதானா என்று உறுதி செய்ய மஜ்ஜை தேவையில்லை, மஜ்ஜையால் உறுதி செய்யவும் முடியாது. உறுதி செய்வது என்சைம் பரிசோதனை.

என்சைம் பரிசோதனை: ரத்தம் எடுப்பதிலிருந்து ரிப்போர்ட் வரை

ரத்தத்தின் வெள்ளணுக்களில் அந்த என்சைம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பதுதான் பரிசோதனை. இரண்டு வழி. ஒன்று, தடித்த வடிகட்டும் தாளில் சொட்டு ரத்தம் காயவைத்து அனுப்புவது, லேபில் டிபிஎஸ் என்பார்கள். இது சல்லடை மாதிரி, சந்தேகம் உள்ளவர்களைப் பிரித்தெடுக்க உதவும். இதில் குறைவு என்று வந்தால் இரண்டாவது வழியில், குழாயில் எடுத்த ரத்தத்தின் வெள்ளணுக்களைப் பிரித்து மறுபடி அளந்து உறுதி செய்ய வேண்டும். தாளில் குறைவு வந்ததுமே அழுதுகொண்டு உட்காராதீர்கள், நம்மூர் வெயிலிலும் ஈரத்திலும் அந்தத் தாள் கெட்டுப்போனாலும் என்சைம் குறைவாகத்தான் காட்டும்.

ரத்தம் எடுப்பதற்கு முன்னால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குழந்தைக்குச் சமீபத்தில் ரத்தமோ தட்டணுவோ ஏற்றியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், கொடுத்தவருடைய வெள்ளணுக்களும் கலந்திருந்தால் நோய் இருந்தும் நார்மல் மாதிரி வரலாம், எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று லேபே சொல்லும். எந்த மூடிக் குழாய், ஊதாவா பச்சையா என்று சோதனை செய்கிற லேபிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு லேபும் ஒவ்வொன்று கேட்கும். குழாய் ரத்தம் குளிர்ச்சியாகப் போக வேண்டும், ஆனால் உறையக் கூடாது. ஐஸ் பேக் நேராகக் குழாயில் படாமல் துணியோ பஞ்சோ சுற்றி வைக்கச் சொல்லுங்கள். திங்கள், செவ்வாயில் எடுப்பது நல்லது, வெள்ளிக்கிழமை எடுத்தால் ஞாயிறு முழுக்கக் கூரியர் ஆபீஸில் கிடக்கும். எங்களுக்கு ஒரு குழாய் அப்படித்தான் வீணானது, பிள்ளைக்கு இன்னொரு தடவை ஊசி.

எங்கே செய்வார்கள்? வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் பிரிவு இருக்கிறது, ஹைதராபாத்தில் சி.டி.எஃப்.டி. என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அரிய நோய்களுக்கான சிறப்பு மையமாக மத்திய அரசால் அறிவிக்கப்பட்ட இடம், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அங்கே தொடங்குவது எல்லா வகையிலும் நல்லது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் நோயாளியின் எண்ணைப் பாருங்கள், பக்கத்தில் அந்த லேபின் நார்மல் எல்லையைப் பாருங்கள். வேறு லேபின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது, அளக்கும் முறை வேறு வேறு. நோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நார்மல் சராசரியில் 15 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். அப்புறம் அதே தாளில் இன்னொரு என்சைமின் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஒப்பீட்டுக்காகச் செய்வது. அதுவும் சேர்ந்து குறைந்திருந்தால் நோயல்ல, ரத்தம் வழியில் கெட்டிருக்கிறது என்று அர்த்தம், மறுபடி எடுக்க வேண்டும். அது நார்மலாக இருந்து பீட்டா குளுக்கோசிடேஸ் மட்டும் அடியில் இருந்தால்தான் விஷயம் உறுதி.

பீட்டா குளுக்கோசிடேஸ் நார்மல் என்று வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். ஏறக்குறைய இதே முகத்தோடு வருகிற இன்னொரு நோய் நீமன்-பிக், அதற்கு ஸ்பிங்கோமைலினேஸ் என்ற வேறு என்சைம், பெரும்பாலும் அதே ரத்தத்திலேயே பார்க்கலாம். இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்வது புத்திசாலித்தனம்.

கூடவே கைட்டோட்ரையோசிடேஸ் என்றும், லைசோ ஜிபி-1 என்றும் இரண்டு பரிசோதனை எழுதுவார்கள். இவை நோயில் பல மடங்கு ஏறும், சிகிச்சை வேலை செய்தால் இறங்கும். முதலாவதில் ஒரு சிக்கல், சிலருக்குப் பிறவியிலேயே அது சுரக்காது, அவர்களுக்கு நோய் இருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். ஃபெரிட்டின் என்ற இரும்பு அளவும் இந்த நோயில் ஏறியிருக்கும், அதனால் ரத்தசோகை என்றதும் தானாக இரும்பு டானிக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள், இரும்பு உண்மையில் குறைவா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மரபணுப் பரிசோதனை

என்சைம் உறுதியானபிறகு ஜீன் பரிசோதனை. ஜிபிஏ-1 என்ற ஜீன், ஒன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. பக்கத்திலேயே கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளை மாதிரி ஒரு பொய் ஜீன் உட்கார்ந்திருப்பதால், பழக்கமில்லாத லேபில் செய்தால் ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிடும் வாய்ப்பு உண்டு. இந்த ஜீனைத் தனியாகச் செய்து பழகிய லேபா என்று கேளுங்கள். இந்தியக் குடும்பங்களில் அதிகமாக வருவது எல்444பி என்ற மாற்றம், புதிய ரிப்போர்ட்டுகளில் அதையே லியூ483புரோ என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றே.

இந்தப் பெயரை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வருகிற ஜீனின் இரண்டு பிரதியிலும் அது இருந்தால் மூளையையும் தொடுகிற மூன்றாவது வகையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். முதல் வகையில் மூளை பாதிக்காது. இரண்டாவது வகை கைக்குழந்தையிலேயே வந்து, பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் உயிரைக் கொண்டுபோகிற கொடுமையான வகை. மூன்றாவது மெதுவாக வரும், அதன் முதல் அறிகுறி கண்ணில். குழந்தையை எதிரில் உட்கார வைத்து, தலையை அசைக்காமல் வலப்பக்கம் இருக்கும் பொம்மையைப் பார், உடனே இடப்பக்கம் இருப்பதைப் பார் என்று சொல்லுங்கள். கண் மட்டும் சட்டென்று தாவ வேண்டும். தாவாமல், கண்ணைச் சிமிட்டி, தலையை வெட்டித் திருப்பித்தான் பார்க்கிறது என்றால் அதை போனில் வீடியோ எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். என் மகனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்றும் இதைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த ஐந்து நிமிடம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.

செய்யக் கூடாதவை

மண்ணீரலை எடுக்க ஒத்துக்கொள்வதற்கு முன்னால் என்சைம் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். இதை நான் கெஞ்சியே சொல்கிறேன். மண்ணீரலை எடுத்தால் தட்டணு ஏறும், வயிறு குறையும், எல்லாம் சரியானது மாதிரியே இருக்கும். ஆனால் சேர வேண்டிய கொழுப்பு எங்கே போகும்? எலும்புக்கும் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகும், எலும்புச் சாவும் நுரையீரல் ரத்த அழுத்தமும் மண்ணீரல் எடுத்தவர்களுக்கு அதிகமாக வருகின்றன, ஆபத்தான தொற்றுகளுக்கும் கதவு திறந்துவிடும். மருந்து இல்லாத காலத்தில் அது ஒன்றே வழியாக இருந்தது. இப்போது மிக அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

வலிக்குக் கடையில் நீங்களாக ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வாங்கிக் கொடுக்காதீர்கள், தட்டணு குறைந்தவர்களுக்கு ரத்தக் கசிவு கூடும். பள்ளிக்கூடத்தில் கபடி மாதிரி வயிற்றில் அடிபடுகிற விளையாட்டு வேண்டாம் என்று டீச்சரிடம் எழுதிக் கொடுங்கள், வீங்கிய மண்ணீரல் அடிபட்டால் கிழியலாம். பல் பிடுங்குவதோ வேறு எந்த ஆபரேஷனோ என்றாலும் முன்கூட்டியே நோயைச் சொல்ல வேண்டும்.

உறுதியானபிறகு

சிகிச்சை உண்டு. குறைகிற என்சைமையே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுகிறார்கள். 1991-இல் முதலில் வந்தபோது ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகளிலிருந்து பிரித்தெடுத்தார்கள், 1994 முதல் இமிகுளுசரேஸ் என்ற பெயரில் செல்களில் வளர்த்துச் செய்கிறார்கள். மண்ணீரல் சுருங்கும், ரத்தம் ஏறும், குழந்தை வளரும். என் மகன் முதல் வருடத்தில் பொத்தான் வைத்த பேன்ட் போட்டான். ஆனால் இந்த மருந்து மூளைக்குள் போகாது, மூன்றாவது வகையில் நரம்பு அறிகுறிகளை அது நிறுத்துவதில்லை. பெரியவர்களுக்கு எலிகுளுஸ்டாட் என்ற மாத்திரையும் இருக்கிறது.

விலைதான் மலை. மருந்து எடைக்கு ஏற்ப, குழந்தை வளர வளரச் செலவும் வளரும். 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கையில் கோஷே நோய் இருக்கிறது, அறிவிக்கப்பட்ட சிறப்பு மையத்தில் பதிவு செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி உண்டு. எழும்பூரில் தொடங்குங்கள் என்று சொன்னது இதனால்தான். என்சைம் ரிப்போர்ட், ஜீன் ரிப்போர்ட், எடை, ஸ்கேன், ஆதார் எல்லாவற்றிலும் ஐந்து ஐந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள், இனிஷியல் முன்னால் பின்னால் மாறியதற்காகவே எங்கள் விண்ணப்பம் ஒரு மாதம் நின்றது. அந்த உதவி ஒருநாள் தீர்ந்துபோகும் என்பதால், தொடங்கும்போதே ஈ.எஸ்.ஐ. இருந்தால் அங்கேயும், மருந்து நிறுவனங்களின் இலவசத் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். லைசோசோமல் ஸ்டோரேஜ் டிஸார்டர்ஸ் சப்போர்ட் சொசைட்டி என்று பெற்றோர்களின் அமைப்பு ஒன்று இந்தியாவில் இருக்கிறது, எங்கே எந்தக் கதவைத் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரியும்.

கூடப் பிறந்தவர்கள், அடுத்த குழந்தை, சொந்தங்கள்

அப்பா அம்மா இருவரிடமும் ஒரு பழுதான பிரதி இருந்தால்தான் குழந்தைக்கு வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு, நான்கில் இரண்டு பங்கு நம்மைப் போலச் சுமந்துகொண்டு மட்டும் இருக்க வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. கூடப் பிறந்த பிள்ளைகளுக்கு வயிறு சாதாரணமாக இருந்தாலும் என்சைம் பார்த்துவிடுங்கள். எங்கள் சின்னவளுக்குப் பார்த்தோம், நோய் இல்லை.

நானும் என் கணவரும் மாமா மகன், அத்தை மகள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கும் மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது, ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே பழுது இரண்டு பக்கமும் இறங்கி வருவது அதனால் எளிதாகிறது. ஆனால் அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் இது வந்திருக்கிறது. பெண்ணின் ரத்தம்தான் சரியில்லை என்று யாராவது உங்களைச் சொன்னால், இரண்டு பக்கமும் சரிபாதி வந்தால்தான் நோய் என்று ஜீன் ரிப்போர்ட்டையே எடுத்துக் காட்டுங்கள். நான் காட்டினேன். அத்தை அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, மருந்து ஏற்றுகிற நாளில் பையனோடு கட்டிலில் உட்காருவதே இப்போது அவர்தான்.

அடுத்த குழந்தை வேண்டும் என்றால் கர்ப்பமாவதற்கு முன்பே மரபியல் டாக்டரைப் பாருங்கள். முதல் குழந்தையின் ஜீன் மாற்றம் தெரிந்திருந்தால் 11, 12 வாரத்தில் நஞ்சுத் திசுவிலோ, 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரிலோ பார்க்கலாம், பதிவு பெற்ற மையத்தில் மட்டும். அந்த மாற்றம் தெரியாமல் கர்ப்பமான பிறகு ஓடினால் நாள் போதாது.

கணவரின் தம்பிக்கும் என் சித்தப்பா மகளுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சுமப்பவரா இல்லையா என்பதை என்சைம் அளவு சரியாகச் சொல்லாது, நார்மலோடு கலந்துவிடும், ஜீன் பரிசோதனைதான் சொல்லும். எங்கள் மாற்றம் இன்னது என்று தெரிந்ததால் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றார்கள், செலவும் குறைவு. இருவரும் நிச்சயத்துக்கு முன்பே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.